சமையல் போட்டியில் ‘போட்டி’க்கு ஏன் இடமில்லை?

டிவியில் வருகிற செஃப்களுக்கு உண்மையிலேயே சமைக்கத் தெரியுமா? கல்லூரி விடுதிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தக் கேள்வி அடிக்கடி ஓடுகிறது. ‘குக் வித் கோமாளி’யின் புது சீசன் தொடங்கினால் இன்னும் கூடுதலாக ஓடுகிறது. கேமராவுக்கு முன்னால் கரண்டி ஆட்டுவதெல்லாம் ஒரு திறமையா என்கிறது ஒரு தரப்பு. அவர்கள் நட்சத்திர ஓட்டல் அடுப்பில் வருஷக்கணக்காக வெந்தவர்கள், நீ முதலில் ஒரு ஆம்லெட்டைக் கிழியாமல் திருப்பிக் காட்டு என்கிறது இன்னொரு தரப்பு.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். சிலருக்கு மிக நன்றாகவே தெரியும். ஆனால் தோழர்களே, நாம் அந்தக் கேள்வியோடு நின்றுவிட முடியாது. இவர்களுக்குத் திறமை இருக்கிறதா என்று கேட்பது சுலபம். எதெல்லாம் திறமை என்று முடிவு செய்தது யார், அந்தப் பெயரை யாருடைய கைக்குக் கொடுத்தார்கள், யாருடைய கைக்குக் கொடுக்க மறுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் சமையலறைக்குள் ஒளிந்திருக்கும் சாதி வெளியே வரும்.

மூன்று வேலை, ஒரே பெயர்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் ‘செஃப்’ என்று ஒரே சொல்லில் அழைக்கிறவர்கள் செய்வது மூன்று வெவ்வேறு வேலைகள்.

ஒன்று, ஓட்டல் சமையலறையை நடத்துவது. ஒரு இரவில் 200 தட்டு வெளியே போக வேண்டும். முதல் தட்டும் 200-ஆவது தட்டும் ஒரே ருசியில் இருக்க வேண்டும். சரக்குக் கணக்கு, வீணாவதைக் குறைப்பது, கீழே வேலை செய்கிற 20, 30 பேரை ஒழுங்கில் வைத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். சஞ்சீவ் கபூர் டெல்லி பூசாவில் ஓட்டல் மேலாண்மை படித்து, மும்பையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் தலைமைச் சமையல்காரராக இருந்த பிறகுதான் 1993-இல் ‘கானா கஜானா’வுக்கு வந்தார். நம் ஊரில் தாமு, வெங்கடேஷ் பட் இருவரும் ஓட்டல் அடுப்பிலிருந்து வந்தவர்கள். தாமு 24 மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து சமைத்து கின்னஸில் இடம் பிடித்தவர். மாதம்பட்டி ரங்கராஜ் கோவைப் பக்கம் கல்யாணச் சமையல் நடத்தும் குடும்பத்திலிருந்து வருகிறார். ஆயிரக்கணக்கானவர்களுக்கு இலை போடுவது விளையாட்டு வேலையில்லை. இவர்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்வது வெறும் வயிற்றெரிச்சல்.

இரண்டாவது, வீட்டுச் சமையலைக் கற்றுக்கொடுப்பது. தர்லா தலால் எந்தக் கேட்டரிங் கல்லூரிக்கும் போகவில்லை. வீட்டில் பெண்களுக்கு வகுப்பு எடுத்து, புத்தகம் போட்டு, டிவிக்கு வந்தார். 2007-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இங்கிலாந்தின் நைஜெல்லா லாசன், தான் செஃப் கிடையாது, வீட்டில் சமைக்கிறவள் மட்டும்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறவர். தமிழில் மல்லிகா பத்ரிநாத், ரேவதி சண்முகம் போன்றவர்களை இந்த வரிசையில் வைக்கலாம். அளவைச் சரியாகச் சொல்வது, புதிதாகச் சமைக்க வருகிறவர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டியே யோசிப்பது இவர்கள் திறமை.

மூன்றாவது, கேமரா முன்னால் சமைப்பது. இது தனித் தொழில். வெங்காயம் ஏற்கெனவே நறுக்கிக் கிண்ணத்தில் இருக்கும். ‘இது நாற்பது நிமிஷம் வேகட்டும்’ என்று மூடி போடுவார். அடுத்த நொடி வெந்த சட்டி வந்து உட்காரும். வெந்து தயாராக இருந்த அந்தச் சட்டியை வேறு யாரோ பின்னால் நின்று காலையிலிருந்து சமைத்திருப்பார்கள். ஒளிவெள்ளத்தில் மினுங்குவதற்காகக் குழம்பின் மேல் எண்ணெய் தடவுகிறவர் ஒருவர், பாத்திரம் கழுவுகிறவர் ஒருவர், காய் வாங்கி வருகிறவர் ஒருவர். கை தாளிக்கும்போதே வாய் நிற்காமல் பேசிக்கொண்டிருப்பது முன்னால் நிற்பவரின் திறமை. 1963-இல் அமெரிக்காவில் பிரெஞ்சுச் சமையலை டிவிக்குக் கொண்டுவந்த ஜூலியா சைல்ட் பாரிஸில் முறையாகப் படித்தவர். இருந்தும் மக்கள் அவரைக் கொண்டாடியதற்குப் பெரிய காரணம், தவறினாலும் சிரித்துக்கொண்டே மேலே போகிற அவர் பேச்சு.

ஆக, டிவியில் புகழ் பெற்றவர்கள் இந்த மூன்றில் ஏதோ ஒன்றிலாவது கெட்டிக்காரர்கள். அதே சமயம், அங்கே சமைக்கப்படுவதை நம்மில் ஒருவரும் ருசி பார்த்ததில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்பது திரையில் தெரியாது. நடுவர் கண்ணை மூடித் தலையாட்டுகிறார், நாமும் தலையாட்டுகிறோம். நாக்கின் வேலையை இன்னொருவரின் முகத்திடம் ஒப்படைத்துவிட்டோம். இப்படி நம்பிக்கையின் பேரில் நடக்கிற ஒரு விஷயத்தில், யாரை நம்பத் தகுந்தவராகக் காட்டுகிறார்கள் என்பதுதான் எல்லாம். சாதிச் சமூகத்தில் அந்த நம்பிக்கை எல்லாக் கைக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

செஃப், மாஸ்டர், ஆயா

நம் ஊரில் சமைக்கிறவர்களை எப்படியெல்லாம் கூப்பிடுகிறோம் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். நட்சத்திர ஓட்டலில் செஃப். பரோட்டாக் கடையில் மாஸ்டர். கல்யாண மண்டபத்தில் சமையல்காரர். வீட்டு வேலைக்கு வந்தால் சமையல்காரம்மா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. எல்லோரும் அடுப்பில்தான் நிற்கிறார்கள். மரியாதை மேலிருந்து கீழாக எப்படி வடிகிறது என்று பாருங்கள். கூடவே சம்பளமும் வடிகிறது. ‘செஃப்’புக்கு ‘சார்’ சேர்கிறது. ‘ஆயா’வுக்கு ‘ஏய்’ சேர்கிறது.

மதியம் பன்னிரண்டரைக்குள் நூறு பிள்ளைகளுக்குச் சோறு, குழம்பு, முட்டை தயாராக வேண்டும். அரிசியும் பருப்பும் கொடுத்த அளவில்தான் கிடைக்கும். முதல் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் ஒரே அளவு போக வேண்டும். தினமும், வருஷத்துக்கு இருநூறு நாள். மேலே சொன்ன முதல் வகைத் திறமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டல் செஃப்பிடம் நாம் வியக்கிற அத்தனையும் இந்த அம்மாவிடம் இருக்கிறது. வெள்ளைக் கோட்டும் உயரமான தொப்பியும்தான் இல்லை. 1982-இல் தொடங்கிய திட்டத்தில் ஒரு தலைமுறையே வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டது. சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியத்துக்கும் முறையான ஓய்வூதியத்துக்கும் இன்னும் தெருவில் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். எந்தச் சமையல் போட்டியிலாவது நடுவர் நாற்காலியில் ஒரு சத்துணவு சமையலரை உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறீர்களா?

அடுப்பில் வேகிறவருக்கு ஒரு பெயர், பேர் வாங்குகிறவருக்கு வேறு பெயர் என்பது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்க ஓட்டல்களின் உண்மையான சமையல்காரர்கள் மெக்சிகோவிலிருந்தும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்த தொழிலாளிகள்தான் என்பதை ஆண்டனி போர்டெய்ன் எழுதியும் பேசியும் வந்தார். அதற்கும் முன்னால் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் இருந்தார். தாமஸ் ஜெஃபர்சனின் அடிமை. 1784-இல் எஜமானனோடு பாரிஸ் போய், அங்கே முறையாகச் சமையல் கற்றவர். தன் தம்பிக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பிறகே 1796-இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. அமெரிக்க மேட்டுக்குடி மேசையில் பிரெஞ்சுச் சமையலை வைத்த கை அடிமையின் கை. நல்ல சாப்பாட்டு ரசிகர் என்ற பெயர் ஜனாதிபதிக்குப் போனது.

போட்டியைக் கழுவத் தெரியுமா?

‘சமையல் போட்டி’ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். எங்களுக்குப் போட்டி என்றால் குடல்கறி.

போட்டி சமைப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் திறமை என்பது இங்கேதான் தெரியும். வயிற்றுப் பையின் உள்பக்கம் துண்டுத் துணி மாதிரி சொரசொரப்பாக இருக்கும். கொதிநீரில் முக்கி எடுத்து, சூடு ஆறுவதற்குள் கறுப்புத் தோலைச் சுரண்ட வேண்டும். தண்ணீரின் சூடு குறைந்தால் தோல் வராது. அதிக நேரம் கிடந்தால் தோல் ஒட்டிக்கொள்ளும், பிறகு கத்தியாலும் வராது. எப்போது எடுக்க வேண்டும் என்பதை எந்தத் தெர்மாமீட்டரும் சொல்லித்தரவில்லை, விரல்தான் சொல்கிறது. குழல் குடலைக் குச்சி விட்டு உள்புறம் வெளியே திருப்ப வேண்டும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலச வேண்டும். வாடை முழுக்கப் போய்விட்டால் ருசியும் போய்விடும். எதுவரைக்கும் போக வேண்டும் என்பது கையின் கணக்கு. அதன் பிறகுதான் அடுப்பு, இஞ்சி பூண்டு, மிளகு எல்லாம்.

சுவரொட்டியை ஒரு நிமிஷம் கூடுதலாக வாட்டினால் ரப்பராகிவிடும். ரத்தப் பொரியலைச் சின்ன வெங்காயம் போட்டுக் கிளறும்போது கட்டியாகாமல் உதிரியாக வர வேண்டும். கால் எலும்பை மெதுவாகக் கொதிக்க வைத்தால் ஆறியதும் கஞ்சி மாதிரி உறைகிற பசை இறங்கும். கொழுந்துவிட்டு எரிய வைத்தால் தண்ணீர்தான் மிஞ்சும். உப்புக்கண்டத்துக்குக் கறியை அறுந்துவிடாமல் நீளவாக்கில் வார்வாராக அறுக்க வேண்டும். உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயவிட்டு, பனி இறங்குவதற்குள் உள்ளே எடுக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன்னால், ஒரு நாள் கிடைத்த கறியை மூன்று மாதத்துக்கு உணவாக மாற்றிய தொழில்நுட்பம் அது.

நல்ல கறி நமக்குக் கொடுக்கப்படவில்லை. மிச்சத்தைக் கொடுத்தார்கள், செத்த மாட்டைக் கொடுத்தார்கள். செத்த மாட்டுக்கறியை விட்டுவிடுங்கள் என்று 1927-இல் மகாடில் பாபாசாகேப் நம் மக்களிடம் கேட்டுக்கொண்டது, இழிவின் அடையாளமாக நம் மேல் சுமத்தப்பட்டதை உதறச் சொல்லித்தான். மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை 1948-இல் ‘தீண்டப்படாதோர்’ நூலில் அவரே ஆராய்ந்தும் எழுதினார். இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வறுமையைக் கொண்டாடச் சொல்லவில்லை நான். வறுமைக்குள்ளும் நம் பெண்கள் அறிவை உண்டாக்கினார்கள், அதற்கு அறிவு என்ற பெயரைக் கொடுங்கள் என்கிறேன்.

வெள்ளைக்காரன் செய்தால் அந்தப் பெயர் கிடைக்கிறது. லண்டனில் ஃபெர்கஸ் ஹெண்டர்சன் 1994-இல் ‘செயின்ட் ஜான்’ உணவகத்தைத் தொடங்கினார். குடல், நாக்கு, ஈரல், எலும்பு மஜ்ஜை அங்கே பேர்போனவை. மூக்கிலிருந்து வால்வரை எதையும் வீணாக்காமல் சாப்பிடு என்று 1999-இல் புத்தகம் எழுதினார். உலகம் முழுக்க செஃப்கள் அவரைக் குரு என்றார்கள். 2009-இல் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. அதே குடலைச் சேரியில் ஒரு அம்மா கழுவினால் ‘நாத்தம்’ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். அவர் கழுவினால் தத்துவம், அம்மா கழுவினால் அசிங்கம்.

இப்போது டிவிக்கு வாருங்கள். ‘பாரம்பரியச் சமையல்’ என்று டிவி சொன்னால் அது யாருடைய பாரம்பரியம்? செட்டிநாட்டுச் சமையல் உண்டு. கொங்குச் சமையல் உண்டு. பிராமண வீட்டு சமையல் உண்டு. 1951-இல் வந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இன்றும் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப்படுகிறது. சாதியும் ஊரும் சேர்ந்த பெயர்கள் இங்கே தரத்துக்கு முத்திரை. சேரிச் சமையல் என்று ஒரு வாரம் அறிவிக்கச் சொல்லுங்கள் பார்க்கலாம். மாட்டுக்கறியைத் தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனலின் போட்டி மேடையில் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். ‘மாஸ்டர்செஃப் இந்தியா’வின் 2015 சீசனை முழுக்க சைவமாகவே நடத்தினார்கள். முட்டைகூட இல்லாத மேடையில் இந்தியாவின் தலைசிறந்த சமையல்காரரைத் தேடினார்கள்! அசைவம் சமைக்கத் தெரியாத ஒருவரைத் தலைசிறந்த செஃப் என்று சொல்வதில் இவர்களுக்குத் தயக்கமில்லை. போட்டி கழுவத் தெரியாதவருக்கு மதிப்பெண் குறைந்ததாக எங்கும் கேள்விப்பட்டதில்லை.

சேனல்கள் மட்டும் இப்படி இல்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது மாவட்ட நிர்வாகம். ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணி தெருவுக்குத் தெரு விற்கிறது. அதற்கு மட்டும் அரங்கு இல்லை என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று விளக்கம் கேட்டது. 2017-இல் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் கண்ணில் அடித்தார்கள். 2018-இல் அதே வளாகத்தின் உணவகத்தில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். 2023-இல் மும்பை ஐஐடியில் சைவ மேசையை எதிர்த்துச் சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். தட்டில் நடக்கிற சண்டை சின்ன விஷயம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

கைப்பக்குவம்: யாருடைய கை?

தமிழில் சமையல் திறமைக்கு நல்ல சொல் இருக்கிறது. கைப்பக்குவம், கைமணம். ருசி மசாலாவில் இல்லை, கையில் இருக்கிறது என்று இந்தச் சொல் நம்புகிறது. அழகான சொல்தான். ஆனால் தீண்டாமையும் அதே கையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் நமக்கு என்ன கொடுத்தது என்று யோசியுங்கள். அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு உணவகங்களுக்குள் நுழையும் உரிமையைக் கொடுத்தது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி போட்டதை எதிர்த்தது, 1957-இல் சென்னையில் ‘பிராமணாள்’ பெயர்ப்பலகைக்கு எதிராகப் பெரியார் இயக்கம் மறியல் செய்தது எல்லாம் உட்கார்ந்து சாப்பிடுகிற உரிமைக்கான போராட்டங்கள். அந்தச் சண்டையே இன்னும் முடியவில்லை; 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையை மாவட்ட ஆட்சியரே நேரில் கண்டார். ஆனால் சாதியின் கணக்கில் வாங்கிச் சாப்பிடுவதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது: நாம் சமைத்து அவர்கள் சாப்பிடுவது. நம் கூலி விளைவித்த நெல் அவர்களுக்குத் தீட்டில்லை. அதே நெல்லை நாம் சோறாக்கினால் தீட்டு.

2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளி மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித் மற்றும் பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொன்னது. மிக நுட்பமான உத்தரவு அது. சின்ன வயதிலேயே எல்லாப் பிள்ளைகளும் நம் கையால் சாப்பிட்டு வளர்ந்தால் தீட்டு நம்பிக்கை உடையும் என்பதுதான் அதன் உள்ளே இருக்கிற நம்பிக்கை. நடந்தது என்ன? 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணையே இடமாற்றம் செய்தார்கள். போராடிய பிறகே உத்தரவு ரத்தானது. 2021-இல் உத்தரகண்டின் சம்பாவத் மாவட்டப் பள்ளி ஒன்றில் ஆதிக்க சாதிப் பிள்ளைகள் தலித் சமையலரின் சோற்றைப் புறக்கணித்தார்கள். அவரை நீக்கிவிட்டு ஆதிக்க சாதிப் பெண்ணை வைத்ததும் தலித் பிள்ளைகள் அந்தச் சோற்றைத் தொட மறுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் நமக்குப் பாடம் எடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023-இல் விரிவானதும் அதே கதை. தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும், கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்த அம்மாக்களின் சாம்பாரில் உப்பு குறைவு என்று ஒருவரும் புகார் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ருசி பார்க்கவே இல்லை. திறமை பரிசோதனைக்கே வரவில்லை.

படித்தவர்கள் மத்தியிலும் இதுதான். 2017-இல் புனேயில் வானிலைத் துறை விஞ்ஞானி ஒருவர், தன் வீட்டுச் சமையல்காரம்மா சாதியை மறைத்துவிட்டார் என்று போலீசில் புகார் கொடுத்தார். அவ்வளவு நாளும் அந்தச் சமையலைச் சாப்பிட்டிருக்கிறார், சாமிக்கும் படைத்திருக்கிறார். சமையல் கெடவில்லை, சாதி தெரிந்ததும் கெட்டுப்போனது. மேகத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு மனிதரைப் படிக்கத் தெரியவில்லை.

இந்த நாட்டில், முன்பின் தெரியாத ஒருவர் சமைத்ததைக் கரண்டியில் எடுத்துச் சுவைத்து, கண்ணை மூடி, ‘அருமை’ என்று ஒருவர் டிவியில் சொல்வதற்கு எவ்வளவு பெரிய அர்த்தம் இருக்க முடியும்! லட்சக்கணக்கான வீடுகளில் இரவு நேரத்தில் நடக்கிற ஒரு சமபந்தி அது. அந்த மேடையில் ஒரு சத்துணவு சமையலர் நின்று, ‘நான் இந்த ஊர்க் காலனியிலிருந்து வருகிறேன், இது எங்கள் வீட்டுக் குழம்பு’ என்று சொல்லி, நடுவர் இரண்டாம் கரண்டி கேட்டிருந்தால், அது பத்துக் கருத்தரங்குகளுக்குச் சமம். அவ்வளவு பெரிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அதை வீணடிக்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

சில எதிர்வாதங்கள்

‘பொழுதுபோக்கு நிகழ்ச்சியில் ஏன் சாதியை இழுக்கிறாய்?’ என்பார்கள். போட்டியாளர்களின் சாதிச் சான்றிதழைக் கேட்கவில்லை நான். யாருடைய சமையல் பெயரோடு வருகிறது, யாருடைய சமையல் பெயரே இல்லாமல் போகிறது என்றுதான் கேட்கிறேன். சாதியை நான் இழுத்துக்கொண்டு வரவில்லை. அது ஏற்கெனவே அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறது.

‘யூடியூப் வந்துவிட்டதே, இனி யார் வேண்டுமானாலும் செஃப் ஆகலாமே?’ என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்த ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. கேட்டரிங் பட்டம் இல்லாத விவசாயக் குடும்பத்து ஆட்கள், வயல்வெளி அடுப்பு, தாத்தாவின் கைப்பக்குவம். பட்டமும் ஸ்டுடியோவும் இல்லாமலே மக்கள் திறமையை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதாலேயே எல்லோரும் ஒரே மாதிரி நடந்து உள்ளே போக முடியாது. பொதுக்குளத்துக் கரையில் அடுப்பு மூட்டி மாட்டுத்தலையைச் சுட்டு வீடியோ எடுக்கிற தலித் இளைஞருக்கு ஊர் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். கமெண்ட் பகுதி என்ன செய்யும் என்றும் தெரியும்.

மூன்றாவது எதிர்வாதம் நமக்குள்ளிருந்து வருகிறது, அதை மதிக்கிறேன். ‘தலித் என்றாலே மாட்டுக்கறி, குடல், எலி என்று நம்மை நாமே அடைத்துக்கொள்ள வேண்டுமா? என் அம்மா நல்ல ரசம் வைப்பாள், என் தங்கை கேக் செய்வாள்’ என்கிறார்கள். சரியான கேள்வி. நம்மில் மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இருக்கிறார்கள். அந்த நினைவே வலிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவரும் கட்டாயப்படுத்தப்படக் கூடாது. நம் பிள்ளை இத்தாலியப் பாஸ்தா செய்து ஜெயித்தால் அதுவும் நம் வெற்றிதான். நாம் கேட்பது இரண்டும்: எந்தச் சமையலையும் செய்கிற உரிமை, நம் சமையலை வெட்கமில்லாமல் செய்கிற உரிமை. முதலாவதை மட்டும் கொடுத்து இரண்டாவதை மறுத்தால், வீட்டுக் குழம்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வா என்று சொல்வதாகத்தான் அர்த்தம்.

நாம் என்ன செய்யலாம்

புலம்பிவிட்டுப் போவதற்காக எழுதவில்லை.

முதலாவது, எழுதி வையுங்கள். மராட்டியத்தில் ஷாஹு பட்டோலே 2015-இல் மராத்வாடா தலித் சமையலைப் புத்தகமாக்கினார். 2024-இல் அது ஆங்கிலத்திலும் வந்து, இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. அதற்கு முன்பே 2009-இல் புனே பல்கலைக்கழகப் பெண்ணியல் மையத்தில் சர்மிளா ரெகேயும் மாணவர்களும் தலித் பெண்களின் உணவு நினைவுகளைத் தொகுத்தார்கள். வகுப்பறைப் பயிற்சியாகத் தொடங்கிய வேலை அது. உங்களாலும் முடியும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அப்பாயி, அம்மாச்சி, சின்னம்மாக்களிடம் போனை வைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அளவு, நேரம், விறகு, எந்தப் பஞ்சத்தில் எதைத் தின்றார்கள், பண்ணையார் வீட்டிலிருந்து எது வந்தது, எதை வாங்க மறுத்தார்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். அவர்கள் போன பிறகு கேட்க ஆளில்லை.

இரண்டாவது, கேட்டரிங் படிக்கிற நம் பிள்ளைகளுக்குத் துணை நில்லுங்கள். வளாகத்தில் பாடத்திட்டத்தைப் பாருங்கள். பிரெஞ்சு சாஸ் ஐந்தும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். உப்புக்கண்டம் ஏன் கெடுவதில்லை என்று எந்தத் தேர்விலாவது கேட்கிறார்களா? பாடத்தில் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள்.

மூன்றாவது, சத்துணவு, காலை உணவு ஊழியர்களின் போராட்டத்துக்குப் போய் நில்லுங்கள். அவர்களை ‘ஆயா’ என்று ஒருமையில் கூப்பிடுகிறவர்களைத் திருத்துங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் சமையலரின் சாதியைக் காட்டிச் சோற்றைத் தடுத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடிய குற்றம். ‘ஊர்ப் பிரச்சினை’ என்று சமாதானம் பேசி முடிக்க விடாதீர்கள்.

நான்காவது, சேனல்களிடம் கேளுங்கள். ஒவ்வொரு சீசனுக்கும் பங்கேற்பாளர் தேர்வு நடக்கிறது. சத்துணவு சமையலர்களுக்கும் சாலையோரக் கடைக்காரர்களுக்கும் ஒரு சுற்று வையுங்கள் என்று ஆயிரம் பேர் எழுதினால் அவர்களால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. அவர்களுக்குத் தெரிந்த ஒரே மொழி பார்வையாளர் எண்ணிக்கை. நாமும் பார்வையாளர்கள்தான்.

டிவி செஃப்களிடம் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவுமில்லை. அவர்கள் திறமையை நான் மறுக்கவில்லை. வேலையை வேலையால் அளக்கிற அந்த மரியாதையைத்தான் நம் அம்மாக்களுக்கும் கேட்கிறேன். அடுத்த முறை திரையில் ஒருவர் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றால், இவருக்குச் சமைக்கத் தெரியுமா என்று நண்பர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திருமலைக்கவுண்டன்பாளையத்து அம்மா வைத்த சாம்பாரை இவர் ஒரு கரண்டி ருசி பார்ப்பாரா, பார்த்துவிட்டு அதை ஊர் கேட்கச் சொல்வாரா என்று கேளுங்கள்.

ஜெய் பீம்.